கரடிப்பாறைக்குப் போன கயிறு

முன்னொரு காலத்தில் குடமலை நாட்டைச் செண்டலங்காரன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் குடை பிடித்துக்கொண்டே தூங்குகிறவர்.

ஒருநாள் தெருவில் பிள்ளைகள் இரண்டு கொட்டாங்குச்சிகளுக்கு நடுவே நூல் கட்டிப் பேசி விளையாடுவதைப் பார்த்தார். அவ்வளவுதான். இனி யாரும் அரண்மனைக்கு நடந்து வந்து குறை சொல்லக்கூடாது, ஊர் ஊராகக் கயிறு இழுங்கள், எதுவானாலும் கொட்டாங்குச்சியில் சொல்லட்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். அந்த வேலைக்குச் சேந்தனார் என்பவரைக் கயிற்று நாயகம் ஆக்கினார்.

சேந்தனார் தலைநகரில் யானைக்கால் தடிமனுக்குக் கயிறு இழுத்தார். அதில் பேச்சு போன வேகத்தில், கேள்வி கேட்கும் முன்பே பதில் வந்து நின்றது. ராஜாவின் குளியலறைக்கு ஒரு கயிறு, கிளிக்கூண்டுக்கு ஒரு கயிறு. மலை ஊர்களுக்கோ, அந்தந்த ஊர் எல்லையில் நிற்கும் பனைமரம் வரைக்கும் மெல்லிசாய் ஒன்றை இழுத்து, மரத்திலேயே கொட்டாங்குச்சியைக் கட்டிவிட்டுத் திரும்பிவிட்டார். எல்லையைத் தொட்டால் ஊரைத் தொட்ட மாதிரிதான் என்பது அவர் கணக்கு. நாடு முழுக்கக் கயிறு போட்டாயிற்று என்று ராஜா கையால் சால்வையும் வாங்கிக்கொண்டார்.

மந்திரி பொறையனுக்கு அந்தக் கணக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் சால்வை போர்த்திய ஆளிடம் எப்படிக் கேட்பது என்று தயங்கினார்.

அப்போதுதான் கரடிப்பாறை என்ற மலை ஊரிலிருந்து சடைச்சி என்றொரு பெண் வந்தாள். நடந்து வருகிறவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள் என்று தெரிந்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, வாயருகே கொட்டாங்குச்சியைப் பிடித்தபடி வந்தாள். கயிற்றில் ஏதோ பேச்சு வருகிறது என்று காவலர்கள் வழிவிட்டார்கள்.

"சாமி, எங்க ஏரி தளும்பி நிக்குது. மதகுல அரண்மனைப் பூட்டு தொங்குது. இன்னொரு மழை பெஞ்சா கரை உடைஞ்சு ஊரே போயிரும். திறக்க உத்தரவு குடுங்க" என்றாள்.

அதைக் கொட்டாங்குச்சியில் கேட்பதுதானே என்றார் ராஜா. ஊரில் கயிறே இல்லை என்றாள் அவள்.

சேந்தனார் சிரித்தார். "மகாராஜா, கயிறு இல்லை என்று இதுவரை கயிறு வழியாக ஒரு புகாராவது வந்திருக்கிறதா? வரவில்லை. ஆக, எல்லோருக்கும் கயிறு இருக்கிறது."

ராஜாவுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. பொறையன் குறுக்கே பேச வாயெடுத்ததும் அவர் பக்கம் திரும்பினார். "அங்கே கயிறு இல்லை என்பதை நாளை மாலைக்குள் கயிறு வழியாகவே நிரூபியும். முடியாவிட்டால் இந்தப் பெண் வந்த வழியே போகட்டும். நீரும் கூடவே போய்விடும்."

மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பொறையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பதவி போனால் போகட்டும், ஏரிக்கரை போய்விட்டால்? இரவெல்லாம் புரண்டு படுத்தவர், விடிந்ததும் நேரே அரண்மனைச் சமையற்கட்டுக்குப் போனார்.

மதியம் ராஜா இலை முன்னால் உட்கார்ந்தார். சேந்தனாரையும் சடைச்சியையும் பொறையன் அங்கே வரவழைத்திருந்தார். இலை காலியாகவே கிடந்தது. சாப்பாடு எங்கே என்று கேட்டார்.

"பரிமாறியாயிற்று மகாராஜா. கோட்டை வாசலில் இறக்கி வைத்திருக்கிறார்கள். எல்லையைத் தொட்டுவிட்டதே, தாங்கள் சாப்பிட்ட மாதிரிதான்" என்றார் பொறையன்.

"எனக்குப் பசிக்கிறது ஐயா."

"புகார் கொடுக்கலாம் மகாராஜா. ஆனால் பசிக்கிறது என்ற புகாரைச் சாப்பிட்டு முடித்தவர்கள் மட்டும்தான் கொடுக்கலாம்."

"சாப்பிட்டவனுக்கு எதற்கு ஐயா பசிக்கும்?"

"அதனால்தான் இதுவரை ஒரு புகாரும் வரவில்லை. நாட்டில் பசியே இல்லை, மகாராஜா."

ராஜா இலையைப் பார்த்தார். சேந்தனாரைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கரடிப்பாறைக் கொட்டாங்குச்சியைக் காதில் வைத்து, அங்கே யார் என்று கேட்டார்.

"கா" என்று பதில் வந்தது.

"மலைப் பேச்சு மகாராஜா. கொஞ்சம் கரகரப்பாகத்தான் இருக்கும்" என்றார் சேந்தனார்.

"அது பனைமரத்துல கூடு கட்டியிருக்கிற காக்கா, சாமி" என்றாள் சடைச்சி.

ராஜா கொட்டாங்குச்சியைக் கீழே வைத்தார். மதகுச் சாவியைச் சடைச்சி கையில் கொடுத்தார், இனி அது ஊரிலேயே இருக்கட்டும் என்றார். குதிரையில் ஏற்றி அப்போதே அனுப்பினார். பிறகுதான் கோட்டை வாசலுக்குப் போய்ச் சாப்பிட்டார். பொறையனுக்குத் தம்முடைய தூங்கும் குடையையே பரிசாகக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு எப்படிப் படுப்பது என்று பொறையனுக்குத்தான் தெரியவில்லை.

சேந்தனாருக்கும் உத்தரவு வந்தது. குளியலறைக் கயிற்றையும் கிளியின் கயிற்றையும் அவிழ்த்துத் தோளில் சுமந்துபோய், கரடிப்பாறையில் வீட்டுக்கு வீடு இழுத்துக் கட்ட வேண்டும். திரும்பிவர அனுமதி வேண்டுமா? கொட்டாங்குச்சியில் கேட்கலாம்.

சில நாள் கழித்து அந்தக் கொட்டாங்குச்சி ஆடியது. ராஜா ஓடிப்போய் எடுத்தார். சடைச்சிதான். பெருமழை வந்து போய்விட்டதாம், மதகைத் திறந்துவிட்டதால் கரை நின்றதாம், ஊரில் எல்லோரும் சுகமாம்.

"பின்னால் யாரோ அழுகிற சத்தம் கேட்கிறதே?"

"உங்க கயிற்று நாயகம்தான் சாமி. திரும்பி வர்றதுக்கு உத்தரவு கேக்கணுமாம். வரிசைல நிக்கச் சொல்லியிருக்கோம். முன்னால ஊர் மொத்தமும் நிக்குது."

ராஜா ஒரு மணையை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"அவசரமில்லை. முதல் ஆளைப் பேசச் சொல்லம்மா."