இருவாச்சி கேட்டு வாங்கிய மாதங்கள்

மரங்களும் பறவைகளும் ஒரே பேச்சைப் பேசிய அந்தக் காலத்தில், பழமரங்கள் எல்லாம் ஒரே மலைச்சரிவில்தான் நின்றன. மா, பலா, பாலை, நாவல், நெல்லி, இலந்தை, அத்தி எல்லாம் சித்திரையில் ஒரே நாளில் பழுத்தன. அதற்குப் பழநாள் என்று பெயர். காடே திரண்டு ஏறும். பொழுது சாய்வதற்குள் கொட்டைகூட மிஞ்சாது. மற்ற நாட்களில் யானைக்குத் தழை, கரடிக்குக் கிழங்கு, பறவைகளுக்குப் புழு.

அந்தச் சரிவில் பெரிய அலகுள்ள இருவாச்சிப் பறவை இணை ஒன்று இருந்தது. தொடர்ந்து இரண்டு வருடம் அவற்றின் முட்டைகளைப் பாம்பு தின்றுவிட்டது. மூன்றாம் வருடம் பெண் இருவாச்சி புதிதாக ஒன்று செய்தது. உயரமான மரப்பொந்துக்குள் நுழைந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்தது. அலகு நீட்ட மட்டும் ஒரு கீறல் விட்டது. பிறகு தன் இறகுகளை உதிர்த்து, அவற்றின்மேல் முட்டையிட்டது. குஞ்சு வளரும்வரை, நூறு நாளைக்கு, அதனால் பறக்க முடியாது.

மறுநாள் பழநாள். விடியும்போதே மாமரம் பழுத்துவிட்டது. வெயில் ஏற ஏற மற்றவையும் நிறம் மாறத் தொடங்கின. யானைகள் பிளிறிக்கொண்டு வந்தன. குரங்குகள் கிளைக்குக் கிளை அடித்துக்கொண்டன. ஆண் இருவாச்சி முதல் மாம்பழத்தோடு பொந்துக்குப் பறந்தது.

"நல்லா இருக்கு. நாளைக்கு என்ன?" என்றது பெண்.

"நாளைக்குப் புழுதான்."

"புழு சரி. தண்ணி? பழத்துச் சாறுதானே எனக்குத் தண்ணி. நூறு நாளுங்க."

"அடைக்கறதுக்கு முன்னாடி இதை யோசிச்சிருக்கக் கூடாதா?"

"நான் பாம்பைப் பத்தி யோசிச்சேன். நீங்க எதைப் பத்தி யோசிச்சீங்க?"

ஆண் இருவாச்சி அடைத்த வாசலை அலகால் தட்டிப் பார்த்தது. "உடைச்சிடட்டுமா?" என்றது.

"உடைங்க. முட்டையோட சேர்த்து என்னையும் பாம்பு தின்னட்டும்."

ஆண் இருவாச்சி பழமரங்களிடம் திரும்பிப் பறந்தது. பலா மஞ்சளாகிக்கொண்டிருந்தது. நாவலில் ஊதா ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கனிந்துவிடும்.

"பலா அண்ணே, ஒரு மாசம் நிறுத்திப் பழுக்கக் கூடாதா?"

"நான் நின்னா இந்த நாவல் பயல் முந்திக்குவான்."

"நாவலே, நீயாவது?"

"முதல்ல பலாவை நிக்கச் சொல்லு."

மாமரத்தடியில் ஒரு கரடி உட்கார்ந்து இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தது. இருவாச்சி அதன் எதிரே போய் இறங்கியது. எல்லா மரங்களுக்கும் கேட்கும்படி உரக்கக் கேட்டது.

"கரடியாரே, என்ன சாப்பிடறீங்க?"

"பழம்."

"என்ன பழம்?"

கரடி மெல்லுவதை நிறுத்தாமல் யோசித்தது. "பழம்னா பழம்தான். எல்லாம் இனிக்குது. தள்ளு, வெயிலை மறைக்காதே."

சரிவில் இருந்த மரங்கள் எல்லாம் கரடிப் பக்கம் சாய்ந்தன.

"என்னைத் தின்னுக்கிட்டே என் பேரு தெரியலையா?" என்றது மாமரம்.

"ஒரே நாள்ல வாய் நிறையத் திணிச்சா எப்படித் தெரியும்?" என்றது இருவாச்சி. "ஆளுக்கு ஒரு மாசம் தனியா வாங்க. அப்போ தெரியும்."

அவ்வளவுதான். எல்லா மரங்களும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

"சித்திரை எனக்கு, நான் பழுத்தாச்சு" என்றது மா.

"வைகாசி எனக்கு" என்றது பாலை.

"ஆனி என்னோடது. என் உடம்புக்கு ஒரு மாசம் பத்தாது, முன்னாடி பின்னாடி தாண்டுவேன்" என்றது பலா.

"மழைக்காத்து வரட்டும், ஆடியில பாத்துக்கலாம்" என்றது நாவல். ஏறிய ஊதாவை அது இழுத்துப் பிடித்துக்கொண்டது. நெல்லி கார்த்திகையைக் கேட்டது. இலந்தை, குளிரட்டும், தையில் வருகிறேன் என்றது.

பழம் கிடைக்காத கோபத்தில் யானை பலாவை முட்டியது. காய்தான் விழுந்தது.

"அதோட, இந்த மாவோட வாசனைக்குப் பக்கத்துல நான் நிக்க மாட்டேன். என் கொட்டையைக் கொண்டுபோய்த் தூரமாப் போடு" என்றது நாவல். மற்றவையும் அதையே கேட்டன. இருவாச்சி எல்லாவற்றுக்கும் சரி என்றது.

அன்று தொடங்கி அதற்கு ஓய்வில்லை. மாம்பழத்தைப் பொந்தில் கொடுத்துவிட்டுக் கொட்டையைச் சமவெளியில் போட்டது. வைகாசியில் பாலைப்பழத்தின் விதையை வறண்ட காட்டில் துப்பியது. ஆனியில் பலாவின் கொட்டை செம்மண்ணுக்குப் போனது. நாவலுக்கு ஏரிக்கரை.

ஒரு நாள் பலா ஓய்ந்துவிட்டது. மழைக்காற்று பிந்தியதால் நாவல் இன்னும் கனியவில்லை. கீறலில் நீண்ட பெண்ணின் அலகு உலர்ந்து வெளுத்திருந்தது. பேச்சும் வரவில்லை. ஆண் இருவாச்சி சரிவெல்லாம் சுற்றியது. அன்றைய கூச்சலில் மாதம் எதுவும் கேட்காமல் நின்றிருந்த அத்தியிடம் கடைசியாக வந்தது.

"உனக்கு எந்த மாசம், அத்தி?"

"யாரும் பழுக்காத அன்னிக்கு வா" என்றது அத்தி. அதன் அடிமரம் முழுக்கப் பழமாய்ச் சிவந்திருந்தது.

நூறாவது நாள் பொந்தின் சுவர் உள்ளிருந்து உடைந்தது. புது இறகோடு தாய் வெளியே வந்தது. பின்னால் குஞ்சு, அலகெல்லாம் நாவல் கறையோடு.

அந்த வருடத்திலிருந்துதான் பழங்கள் மாதத்துக்கு ஒன்றாக, மண்ணுக்கு ஒன்றாக வருகின்றன. சந்தையில் நாமும் பழம் வந்துவிட்டதா என்று கேட்பதில்லை, நாவல் வந்துவிட்டதா என்று பெயர் சொல்லித்தான் கேட்கிறோம்.