செத்தவனின் சிவப்பு ரோபோ

அணியில் இருந்த இன்பராஜ் செத்து ஒரு மாதமாகியும், அவனுடைய சிவப்பு ரோபோ தினமும் ஆன்லைன் விளையாட்டுக்குள் வந்து, பேச்சுமூச்சில்லாமல் எல்லாரையும் சுட்டது.

"அது எனக்கு மட்டும்தான் அடங்கும்" என்று பயமுறுத்தியே, அணித்தலைவன் வில்சன் எல்லாருடைய நல்ல துப்பாக்கிகளையும் தன் ரோபோவுக்கு மாட்டிக்கொண்டான். தலைவனாம் தலைவன்!

புதிதாகச் சேர்ந்த செண்பகத்திடம், "அதை ஜெயிச்சுக் காட்டு. இல்லைன்னா உன் ரோபோவைக் கொடு" என்றான்.

"சரிண்ணே. உங்களுக்குத்தான் அடங்குமே, முதல்ல உங்க ரோபோவும் அதுவும் ஒரே நேரத்துல கைதூக்கி வணக்கம் வைக்கட்டும்."

அவனுடைய ரோபோ கைதூக்கினால் சிவப்பு அசையவில்லை. சிவப்பு தூக்கினால் அவனுடையது அசையவில்லை. மைக்கில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"ஆமா, ரெண்டையும் நான்தான் ஓட்டுனேன்" என்று வில்சன் தன் இன்னொரு போனை அணைத்தான்.

அணைத்த பிறகும் சிவப்பு ரோபோ போகவில்லை. செண்பகத்தின் பக்கம் திரும்பி, மெதுவாகக் கைதூக்கியது.