காவல் தேனீயும் மெழுகு பூசிய கதண்டும்

காட்டாற்றின் கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் பொந்தில் ஒரு தேனீக் கூட்டம் குடியிருந்தது. பொந்து உள்ளே அகலம், வாசலோ குறுகல். அந்த வாசலில் காவல் நின்றவள் முள்ளி.

முள்ளிக்குக் காவல் என்றால் உயிர். பொழுது விடிந்ததும் வாசலுக்கு வந்துவிடுவாள். உள்ளே வரும் ஒவ்வொரு தேனீயையும் உணர்கொம்பால் தொட்டு முகர்ந்து பார்ப்பாள். அந்தக் கூட்டுக்கென்று தனி வாசம் ஒன்று உண்டு. ஒரே தாய், ஒரே மெழுகு, ஒரே தேன். அதனால் அங்கே பிறந்து வளர்ந்த எல்லார் மேலும் அந்த வாசம்தான் அடிக்கும். அது இருந்தால், "போ உள்ளே!" இல்லாவிட்டால், "எதிரி! எதிரி!"

இதில் முள்ளிக்கு மிகவும் பிடித்தது இரண்டாவதுதான். அவள் ஒரு கத்துக் கத்தினால் போதும், பொந்து முழுவதும் சிறகுகள் அதிரும். "ஹும்ம்ம்" என்று எழும் அந்த இரைச்சலில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்க்கும். அதனால் சருகு விழுந்தாலும் கத்தினாள். தும்பியின் நிழல் ஓடினாலும் கத்தினாள்.

"அது சருகுடி, முள்ளி!" என்பாள் கூடக் காவல் நின்ற நொச்சி.

"சருகுக்குப் பின்னால எதிரி ஒளிஞ்சிருந்தா?"

"முதல்ல தொட்டுப் பாரு, அப்புறம் கத்து!"

"நான் தொட்டுப் பார்க்கிறதுக்குள்ள எதிரி உள்ள பூந்துட்டா? நீயா பதில் சொல்லுவ?"

நொச்சி தலையில் அடித்துக்கொள்வாள். வேறென்ன செய்வது!

ஒரு நாள், பூத் தேடிப் போன தும்பை என்ற தேனீ மழையில் மாட்டிக்கொண்டாள். ஆற்றுக்கு அப்பால் ஓர் எலுமிச்சைத் தோப்பு. அங்கே இலைக்கடியில் ஒண்டிக் கிடந்தாள். மழை விட்டதும் பார்த்தால், தோப்பு முழுக்கப் பூ! கிளை தெரியாமல் பூத்துக் கிடந்தது. தும்பைக்குத் தலைகால் புரியவில்லை. பூவுக்குப் பூ தாவினாள், மகரந்தத்தில் புரண்டாள், இந்தச் சேதியை எல்லாருக்கும் சொல்லவேண்டும் என்று பறந்தோடி வந்தாள்.

"முள்ளி! முள்ளி! நான் எதைக் கண்டுபிடிச்சிட்டு வந்திருக்கேன் தெரியு..."

அவள் முடிக்கவில்லை. குப்பென்று எலுமிச்சை வாசம் முள்ளியின் மேல் அடித்தது. கூட்டு வாசமே இல்லை!

"எதிரி! எதிரி!"

பொந்து கொதித்து எழுந்தது. தேனீக்கள் திமுதிமுவென்று ஓடிவந்து தும்பையின் மேல் விழுந்தன. ஒருத்தி காலைப் பிடித்தாள். ஒருத்தி சிறகைக் கடித்து இழுத்தாள்.

"நான்தான்! தும்பை! நான் தும்பை!" என்று அவள் கதறினாள். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்?

நொச்சிதான் முட்டி மோதி உள்ளே நுழைந்தாள். பூந்தூளை விலக்கி, மார்புக்கடியில் உணர்கொம்பை வைத்தாள்.

"விடுங்க! விடுங்கடி! மேலதான் எலுமிச்சை, அடியில நம்ம வாசம்! இவ நம்ம தும்பை!"

கூட்டம் சட்டென்று விலகியது. தும்பை எழுந்து நிற்கப் பார்த்தாள். ஒரு பக்கச் சிறகு பாதிக்கு மேல் இல்லை.

அவள் அழவில்லை. முள்ளியைப் பார்த்து, "ஒரே அடையில பக்கத்துப் பக்கத்து அறையில பொறந்தோம். என் குரல்கூடவா உனக்குத் தெரியல?" என்று மட்டும் கேட்டாள்.

 அன்று முள்ளிக்குத் தேன் இறங்கவில்லை.

அதன்பிறகு தும்பை பறக்கவில்லை. வாசலுக்கு அருகே நடந்து திரிந்து, உள்ளே சேரும் குப்பையை இழுத்து வெளியே தள்ளும் வேலை பார்த்தாள். முள்ளியைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். முள்ளியோ ஒரேயடியாக மாறிவிட்டாள். யார் வந்தாலும், "போ, போ" என்று வழி விட்டாள். பக்கத்து மரத்துத் தேனீ ஒன்று வழி தவறினாற்போல உள்ளே வந்து, வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுப் போனது. அதற்கும் முள்ளி வாய் திறக்கவில்லை!

"என்னடி இது?" என்று நொச்சி பதறினாள்.

"எனக்குப் பயமா இருக்கு, நொச்சி. கத்தினா யாருக்காவது சிறகு போயிடும்."

"அன்னைக்கு எல்லாத்துக்கும் கத்தின, இன்னைக்கு எதுக்குமே கத்த மாட்டேங்குற. ரெண்டும் காவல் இல்லடி!"

இதையெல்லாம் எதிர்ப்புதரில் இருந்து ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் காரி. காரி ஒரு கதண்டு, பெருங்குளவி. தேனீயைப் போல நாலு மடங்கு உடம்பு, கத்தரி போலத் தாடை. தேனீக்களைப் பிடித்து, துண்டு துண்டாக்கி, தன் குஞ்சுகளுக்கு ஊட்டுவதுதான் அவள் பிழைப்பு. பொந்துக்குள் தேனீக்களின் குழந்தைகளான பால்புழுக்கள் கொழுகொழுவென்று கிடக்கின்றன என்று நினைத்தாலே அவளுக்கு எச்சில் ஊறியது.

"காவல்காரி பயந்து கிடக்கிறா. இதைவிட நல்ல நேரம் வருமா!" என்று அவள் சிறகை உதறினாள்.

மருத மரத்தின் அடியில், தேனீக்கள் கடித்துத் தள்ளிய பழைய மெழுகு குவிந்து கிடந்தது. காரி அதில் நன்றாகப் புரண்டாள். தலையிலிருந்து வால் வரை மெழுகுத்தூள் அப்பியது. இப்போது அவள்மேல் அடித்தது சுத்தமான கூட்டு வாசம்! வானம் கறுத்துத் தூறல் விழுந்த நேரம் பார்த்து, மெல்ல நடந்து வாசலுக்கு வந்தாள்.

முள்ளி நிமிர்ந்து பார்த்தாள். அடேயப்பா, எவ்வளவு பெரிய உடம்பு!

"யா... யாரு நீ?"

"என்னைத் தெரியலையா தங்கச்சி? நான் இந்தக் கூட்டுப் பெண்தான். மழையில ஊறி உடம்பு உப்பிப்போச்சு. வேணும்னா முகர்ந்து பாரு!"

முள்ளி முகர்ந்தாள். மெழுகு. தேன். அதே வாசம்! ஆனாலும் மழையில் ஊறி ஓர் உடம்பு இவ்வளவு உப்புமா?

காரி குரலைத் தாழ்த்தினாள். "என்ன யோசிக்கிற? தும்பையைக் கடிச்சுக் குதறினாப்போல என்னையும் குதறப் போறியா?"

அந்த ஒரு சொல் முள்ளியைக் கட்டிப்போட்டது. அவள் ஓரடி பின்வாங்கினாள். காரி தலையை உள்ளே நுழைத்தாள்.

அதே நேரம் குப்பையை இழுத்துக்கொண்டு எதிரே வந்தாள் தும்பை. கதண்டின் முகமும் அவள் முகமும் நேருக்கு நேர்! தும்பையின் உணர்கொம்பு கதண்டின் தாடைக்கடியில் பட்டது.

"முள்ளி!" என்று அலறினாள் தும்பை. "இது நம்ம ஆளு இல்ல! மேல மட்டும்தான் நம்ம வாசம்! அடியில வேற!"

"ஐயோ பாவம்," என்றாள் காரி. "சிறகு போனதிலிருந்து இவளுக்குப் புத்தி சரியில்ல."

முள்ளி அங்கும் இங்கும் பார்த்தாள். தும்பை சொல்வது தவறானால் இன்னொரு அக்காளின் சிறகு போகும். சரியானால் உள்ளே ஒரு குழந்தை மிஞ்சாது. கத்தவா, வேண்டாமா? கண்ணை இறுக்கிக்கொண்டு, அந்தப் பெரிய தாடைக்குக் கீழேயே புகுந்தாள். கழுத்து மடிப்பில் அப்பியிருந்த மெழுகைப் பல்லால் பற்றிப் பிய்த்தாள். உணர்கொம்பை வைத்தாள்.

இரத்த வாடை! செத்த தேனீக்களின் வாடை!

"எதிரி! கதண்டு! எல்லாரும் வாங்க!"

உள்ளே ஓர் அசைவும் இல்லை. "முள்ளிதானே? சருகா இருக்கும்" என்று யாரோ முனகினார்கள்.

"சருகு இல்ல!" என்று தும்பை தொண்டை கிழியக் கத்தினாள். "நான் தும்பை சொல்றேன்! நானும் பார்த்தேன்! கதண்டு!"

"தும்பையே சொல்றாளா?"

அவ்வளவுதான்! அடை அடையாக, அலை அலையாகத் தேனீக்கள் பாய்ந்து வந்தன. காரி மெழுகை உதறினாள். கறுப்பும் சிவப்புமாக அவள் உடம்பு பளபளத்தது. முன்னால் வந்தவளை ஒரே கடியில் இரண்டாக்கினாள். தேனீக்கள் கொட்டின; கொடுக்குகள் வழுக்கிக்கொண்டு போயின.

"என் தோல்ல உங்க ஊசி இறங்குமா?" என்று காரி சிரித்தாள்.

"கொட்டாதீங்க!" என்று நொச்சி கூவினாள். "மூடுங்க! அவளைச் சுத்தி மூடுங்க! சூடு ஏத்துங்க!"

முதலில் பாய்ந்து கட்டிக்கொண்டவள் முள்ளிதான். அவள்மேல் நொச்சி. நொச்சிமேல் இன்னும் இன்னும் பல பேர். பார்க்கப் பார்க்கக் கதண்டு மறைந்து, அங்கே ஒரு தேனீப் பந்து உருண்டது. எல்லாரும் சிறகை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிட்டார்கள். சூடு ஏறியது. நம் உடம்பில் கிருமி புகுந்தால் காய்ச்சல் அடிக்கிறதே, அதுவும் இப்படிப்பட்ட வேலைதான்!

"எரியுது, நொச்சி!" என்றாள் முள்ளி.

"பொறுத்துக்கோ! அவ தாங்குறதைவிட நாம கொஞ்சம் கூடுதலாத் தாங்குவோம். அந்தக் கொஞ்சத்துலதான் நம்ம உயிர் இருக்கு!"

"விடுங்க தங்கச்சிகளா!" என்று காரி கெஞ்சினாள். "இந்தப் பக்கமே வரமாட்டேன்! என் குஞ்சுகள்மேல சத்தியம்!"

யாரும் விடவில்லை. காரியின் கால்கள் உதைத்தன. பிறகு துவண்டன. பிறகு அசையவில்லை.

ஆனால் பந்து அவிழவில்லை! வெளியே இருந்தவர்களுக்கு வெறி ஏறிவிட்டது. "இன்னும்! இன்னும்!" என்று அதிர்ந்தார்கள். வாசலோரத்து அடையில் மெழுகு இளகியது. பால்புழுக்களின் அறைகள் வளைந்து தொங்கின. உள்ளே நெருக்கப்பட்ட சில தேனீக்கள் சூடு தாளாமல் செத்து விழுந்தன.

"போதும்! செத்துட்டா! விலகுங்க!" என்று முள்ளி கத்திக்கொண்டே வெளியே பிதுங்கி வந்தாள்.

வந்தவளைப் பார்த்து ஒருத்தி, "இவ மேல கதண்டு வாசம் அடிக்குது! இன்னொரு எதிரி!" என்றாள்.

நாலைந்து பேர் முள்ளியின் மேல் பாய்ந்தார்கள். காலைக் கடித்தார்கள். "நான்தான்! முள்ளி!" என்று கத்தினாள். யாரும் கேட்கவில்லை. தும்பை அன்று எப்படித் துடித்திருப்பாள் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுதாக விளங்கியது.

யாரோ தத்தித் தத்தி நடந்து வந்து அவள்மேல் கவிழ்ந்தார்கள். ஓர் உணர்கொம்பு அவள் மார்புக்கடியில் மெல்லப் பட்டது.

"அடியில நம்ம வாசம்," என்றாள் தும்பை, சத்தமாக. "இவ நம்ம முள்ளி. தொட்டா என்னைத் தாண்டித்தான் தொடணும்!"

கடித்தவர்கள் விட்டார்கள். முள்ளி துள்ளி எழுந்தாள்.

"எல்லாரும் கேளுங்க! எதிரி செத்தாச்சு! இனிமே ஏத்துற சூடு நம்ம குழந்தைகளைத்தான் கொல்லும்! அடங்குங்க! விசிறுங்க! சிறகால விசிறுங்க!"

கூச்சலுக்குப் பேர்போன அந்தத் தொண்டையில் இருந்து "அடங்குங்க" என்ற சொல் வந்ததைக் கேட்டு எல்லாரும் திகைத்து நின்றார்கள். பந்து தளர்ந்தது. வாசலில் வரிசையாக நின்று சிறகால் விசிறினார்கள். தூறல் காற்று உள்ளே புகுந்தது. தொங்கிய அறைகள் இறுகின. பால்புழுக்கள் ஒவ்வொன்றாக நெளிந்தன. பிழைத்துவிட்டன!

காரியின் உடலை வெளியே தள்ளுவதற்கு முன் நொச்சி ஒரு வேலை செய்தாள். அத்தனை பேரையும் வரிசையாக வரச் சொன்னாள். ஒவ்வொருத்தியும் கதண்டின் கழுத்து மடிப்பைத் தொட்டு, அந்த வாடையை மனதில் பதித்துக்கொண்டு போனாள்.

கடைசியில் முள்ளியும் தும்பையும் தனியே நின்றார்கள்.

"உன் சிறகை என்னால திருப்பித் தரமுடியாது, தும்பை."

"முடியாதுதான்," என்றாள் தும்பை. "ஆனா இனிமே வாசல்ல ரெண்டு பேராச் சேர்ந்து நிப்போம். எனக்குப் பறக்கத்தான் முடியாது, முகர முடியும்!"

மழைக்காலம் முடிந்தது. காரியைத் தேடி அவள் கூட்டுக் கதண்டுகள் இரண்டு வந்தன. அவையும் மெழுகில் புரண்டுதான் வந்தன. வாசலை நெருங்கக்கூட இல்லை, காற்றில் ஓர் இழை வாடை வந்ததும் முள்ளியும் தும்பையும் ஒரே குரலில், "கதண்டு!" என்றார்கள். இந்த முறை யாரும் யோசிக்கவில்லை, யாரும் முனகவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் பொந்தின் வாசல் முழுவதும் தேனீக்கள் நிறைந்து, ஒரே சீராகச் சிறகை விரித்து மடக்கின. பளீர்! பளீர்! ஒருமுறை அம்மை போட்டு எழுந்த உடம்பு அந்த அம்மையை மறுபடி கண்டதும் விரட்டுகிறதே, அந்த வேகம்!

முன்னால் வந்த கதண்டு அந்தரத்திலேயே நின்றது.

"என்னக்கா நின்னுட்டே?" என்றது பின்னால் வந்தது.

"திரும்புடி! இவங்களுக்கு நம்மளை நல்லாத் தெரிஞ்சுபோச்சு!"

இரண்டும் வந்த வழியே பறந்து மறைந்தன. பொந்துக்குள் ஒரு துளி சூடு ஏறவில்லை. ஒரு சிறகு முறியவில்லை.

எதிரியைக் கண்டு சீறுவது மட்டும் காவல் ஆகாது. தன்னவர் யார் என்று தொட்டறிந்து, தேவைப்பட்ட அளவுக்குப் போராடி, வென்றதும் அடங்கத் தெரிந்தவரே நல்ல காவலர்.