கடைசி டோக்கன்

திண்டுக்கல்லில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ஜெயசீலி கம்ப்யூட்டர் வகுப்பு நடத்தினாள். அவளிடம் புரோகிராமிங் படிக்க வந்த பங்கஜவல்லி அவளைவிடப் பத்து வயது மூத்தவள். அதனால் மாணவி ஆசிரியையை "மிஸ்" என்பாள், ஆசிரியை மாணவியை "அக்கா" என்பாள்.

பங்கஜவல்லியிடம் ஒரு பழக்கம். படிப்பதற்கு எது நல்லது என்று தேடுவதிலேயே பொழுதைப் போக்கிவிடுவாள். ஒரு வீடியோவைப் பாதி பார்ப்பாள். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்று எவராவது சொல்லிவிட்டால் போதும், அதற்குத் தாவிவிடுவாள். போன் முழுக்க அப்படிச் சேர்த்துவைத்தவைதான். சேர்த்துவைத்ததெல்லாம் மண்டையில் ஏறிவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வேறு.

அன்று காலை ஓட்டமும் நடையுமாக மாடியேறி வந்தாள். மதியம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இண்டர்வியூ, கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. கணவர் வேலை பார்த்த மில் மூடிக் கிடந்தது. வீடு இந்த வேலையைத்தான் நம்பியிருந்தது.

"மிஸ், டோக்கன் புரோகிராம் ரெடி. நோயாளிங்க பேரை வரிசையாக் கூப்பிடும். அங்க இதைத்தான் காட்டப்போறேன். ஆனா ஏதாவது குறுக்கக் கேட்டாங்கன்னா? போறதுக்குள்ள பார்த்துடற மாதிரி ஒரே ஒரு நல்ல வீடியோ சொல்லுங்க."

"போனைக் குடுங்க அக்கா."

வீடியோவைத் தேடித் தரத்தான் கேட்கிறாள் என்று பங்கஜவல்லி ஆசையோடு நீட்டினாள். ஜெயசீலி அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். பிறகு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, புரோகிராமில் எதையோ அழித்து, சேமித்து, மூடினாள்.

பங்கஜவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன மிஸ் பண்ணீங்க?"

"கெடுத்துட்டேன். சரி பண்ணிட்டுக் கிளம்புங்க."

"ஐயோ! இன்னைக்கா விளையாடறது? எந்த வரியை எடுத்தீங்க?"

"அதைப் புரோகிராமைத்தான் கேக்கணும்."

"அதை எப்படிக் கேக்கறது?"

ஜெயசீலி ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தாள். "அஞ்சு பேரை வரிசையில நிறுத்துங்க. மெஷின் ஒவ்வொரு வரியிலயும் என்ன செய்யுமோ, அதை நீங்க கையால செஞ்சு பாருங்க."

சொல்லிவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

பங்கஜவல்லிக்கு அழுகை முட்டியது. போன் இருந்தாலாவது இந்தப் புரோகிராமை எழுதக் கற்றுக்கொடுத்த வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி ஒப்பிட்டிருக்கலாம். வேறு வழியில்லாமல் பேனாவை எடுத்தாள். நாத்தனார், கொழுந்தன், பால்காரர், எதிர்வீட்டு டெய்லர் என்று எழுதினாள். மாமியாரைக் கடைசியில் நிறுத்தினாள். வேண்டுமென்றேதான்.

முதல் சுற்றில் நாத்தனார் பெயர் வந்தது. அடுத்த சுற்றிலும் நாத்தனார். அதற்கடுத்த சுற்றிலும் நாத்தனாரே. வீட்டிலும் அப்படித்தானே என்று நினைத்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கூப்பிட்டு முடித்த பெயரை வரிசையிலிருந்து நீக்குகிற வரியைக் காணோம்! அதை எழுதிச் சேர்த்தாள்.

இப்போது ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். டெய்லரும் போனார். அதோடு புரோகிராம் நின்றுவிட்டது. மாமியார் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நிஜத்தில் இப்படி நடந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

மறுபடி முதலிலிருந்து படித்தாள். வரிசையில் ஒருவருக்கு மேல் இருந்தால்தான் அடுத்த ஆளைக் கூப்பிடு என்று ஒரு வரி சொன்னது. ஒருவர் இருந்தாலும் கூப்பிடு என்று அதைத் திருத்தினாள். பாவி, இரண்டு இடத்தில் கைவைத்திருக்கிறாளே என்று மனசுக்குள் திட்டினாலும், முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எந்தப் புரோகிராமையும் இப்படி வரிவரியாக அவள் படித்ததே இல்லை.

ஜெயசீலி மேலே வந்தாள்.

"ரெண்டையும் பிடிச்சுட்டேன் மிஸ்!"

"எந்த ரெண்டு?"

"நாத்தனாரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அது ஒண்ணு. மாமியாரைக் கூப்பிடவே இல்லை. அது ரெண்டு."

"நாத்தனார் என் வேலைதான். மாமியாரை நான் தொடவே இல்லையே அக்கா."

பங்கஜவல்லிக்குப் பகீரென்றது. அந்த வரி வீடியோவில் இருந்தபடியே அவள் எழுதியது. இதைத்தான் அந்த ஆஸ்பத்திரியில் பெருமையாகக் காட்டப் போயிருப்பாள். அவர்களும் நம்பிப் பயன்படுத்தியிருப்பார்கள். கண்ணில் கட்டோடு யாரோ ஒருவர் தன் பெயருக்காகக் காத்துக்கொண்டே இருந்திருப்பார்.

"லட்சக்கணக்கான பேர் பார்த்த வீடியோ மிஸ் அது," என்றாள் மெதுவாக. "இதைவிட நல்லது கிடையாதுன்னு எல்லாரும் சொன்னாங்களே."

"நல்ல வீடியோதான் அக்கா. பார்த்தவங்க யாரும் வரிசையில மாமியாரை நிறுத்திப் பார்க்கலை."