கொண்டைக்குள் பன்னிரண்டு பட்டை

கோவைக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் கம்பெனி. இரும்புக் கூட்டுக்குள் செப்புக் கம்பிச் சுருளை இறக்கும் வைண்டிங் பெஞ்சில் பன்னிரண்டு பெண்கள். அவர்களில் தொழில் சுத்தமாகத் தெரிந்தவள் சகாயமேரி. அவளிடம் கற்றுக்கொண்ட ஒரே ஆம்பிளை நாச்சிமுத்து. தறி ஓட்டிக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் வந்து சேர்ந்தார். அவளைவிட ஆறு வயது மூத்தவர். கேலியாக "டீச்சர்" என்று கூப்பிட ஆரம்பித்தார், அதுவே நிலைத்துவிட்டது.

அவள் கற்றுக்கொடுத்ததில் ஒன்று மட்டும் வெளியே யாருக்கும் தெரியாது. விரல் நீளத்துக்குச் சீவின மூங்கில் பட்டை. நுனி லேசாக வளைந்திருக்கும். அதை வைத்து அழுத்தினால் கம்பி சொன்னபடி கேட்கும். ஒரு மணி நேர வேலை முக்கால் மணியில் முடியும். மிச்சமாகும் நேரத்தில் கைவலிக்காரிக்கும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் மற்றவர்கள் செய்து கொடுப்பார்கள். ஆபீசர் தலை தெரிந்தால் போதும், பன்னிரண்டு பட்டையும் பன்னிரண்டு கொண்டைக்குள் போய்விடும். கொண்டையில் என்ன செருகியிருக்கிறது என்று எந்த ஆபீசர் பார்த்தான்?

முதுகுத்தண்டு கெட்டு நாச்சிமுத்து குனிய முடியாமல் போனபோது, கம்பெனி அவரை ஒரு மோட்டாருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கெடுக்கும் வேலைக்கு மாற்றியது. ஆறு மாதம் பார்ப்பார்களாம். சரிப்பட்டால் நிரந்தரம், இல்லையென்றால் வீடு. அந்த பெஞ்சிலிருந்து வந்தவருக்கு அவர்கள் ஒளிப்பது தெரியாமலா இருக்கும், திங்கட்கிழமைக்குள் எழுதிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார் மேனேஜர் ரகோத்தமன்.

நாச்சிமுத்துவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எழுதினால் பன்னிரண்டு பேர் வயிற்றெரிச்சல். எழுதாவிட்டால் தன் வீட்டில் அடுப்பு எரியாது. சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சகாயமேரி முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டினார்.

"நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?"

அவள் தயிர்சோற்றை வழித்துச் சாப்பிட்டாள். தூக்குப்போசியைக் கழுவி வைத்தாள். "வாங்கண்ணா" என்று மேனேஜர் அறைக்கு நடந்தாள். தனக்காக நாலு வார்த்தை பேசப்போகிறாள் என்றுதான் அவர் நினைத்தார்.

மேஜை முன்னால் நின்று, கொண்டையிலிருந்து பட்டையை உருவி வைத்தாள்.

"நாங்க ஒளிச்சது இதுதானுங்க சார். முக்கால் மணி நேரத்துல முடியும்."

நாச்சிமுத்துவுக்குக் கையைப் பிடித்துத் தடுக்கக்கூடத் தோன்றவில்லை. ரகோத்தமனே பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, இவ்வளவுதானா, வெறும் மூங்கிலா என்று இரண்டு தடவை கேட்டார்.

திங்கட்கிழமை கணக்குப் பலகையில் ஒரு நாளைக்கு ஆளுக்கு எட்டு மோட்டார் என்றிருந்தது அழிந்து பத்து ஆயிற்று. பெஞ்சே எழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. யார் காட்டிக்கொடுத்தது என்று தெரிந்தபோது நம்ப மாட்டேன் என்று சாதித்தாள் ஒருத்தி. ஏழு மாதக்காரி பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள், உட்காரச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை.

சாப்பாட்டு நேரம் அதைவிடக் கொடுமை. காட்டிக்கொடுத்தவளோடு குழம்பு மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது அந்த பெஞ்சின் வழக்கம். அதை ஏற்படுத்தியவளே சகாயமேரிதான். பதினோரு பேர் ஒரு பக்கம் போய்விட்டார்கள். அவள் மறு பக்கம் தனியாக உட்கார்ந்து போசியைத் திறந்தாள்.

நாச்சிமுத்து போய் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்காகவா டீச்சர்? நான் எழுதியிருக்கவே மாட்டேன்."

"எழுதியிருப்பீங்கண்ணா. வீட்டுல மூணு பேர் சாப்பிடணும்."

நாச்சிமுத்து தன் போசியை ஓரமாக நகர்த்தினார்.

"எழுதியிருந்தாத்தான் என்ன? பழி என்னோட போயிருக்கும். உங்களை எதுக்கு இவங்க ஒதுக்கணும்?"

அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்.

"பட்டை போனா வேற ஒண்ணு யோசிச்சுக்கலாம். கத்துக்கிட்டவரே காட்டிக் குடுத்தார்னு ஆயிருந்தா, இனிமே இந்த பெஞ்சுல யாரும் யாருக்கும் கத்துக் குடுக்க மாட்டாங்க."