பூப்பொட்டலம் எடுக்கிற கை

நீலமங்கலத்து ராஜா சூரசிம்ம பூபதிக்கு முத்திரை குத்துவதென்றால் கொள்ளை ஆசை. குத்துவதற்கு முன்னால் படிப்பதுதான் எட்டிக்காய். போன ஆடியில் சுற்றுவட்டாரத்து ராஜாக்கள் ஐந்து பேர் ஆற்றங்கரையில் கூடிச் செப்பேட்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நம்ம ராஜாதான் முதல் ஆளாக ஓடிப்போய் முத்திரையைக் குத்தினார்.

அதில் இருந்தது இதுதான்: "குழந்தையின் வாழ்வைப் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் அந்தக் குழந்தையைக் கேட்டே எடுக்க வேண்டும். அதன் நன்மையே முதலில் நிற்க வேண்டும். பெற்றவர்களுக்கும் இதுவே சட்டம், கொற்றவர்களுக்கும் இதுவே சட்டம்."

நாலு மாதம்கூட ஆகவில்லை. வடகரை ராஜாவிடமிருந்து தூதுவர் வந்து இறங்கினார். இளவரசி செண்பகவல்லியைத் தங்கள் இளவரசருக்கு நிச்சயம் செய்து, கையோடு அனுப்பிவைக்க வேண்டுமாம். அங்கேயே வளரட்டுமாம். பெண்ணுக்கு வயது ஒன்பது. மாப்பிள்ளைக்கு எட்டு! அடக் கொடுமையே!

அன்று காலை அரண்மனைத் தோட்டத்தில் விகடகவி பூவராகனின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள் செண்பகவல்லி.

"மாமா, என்னை யாருமே கேக்கலை. அங்க போனா நீச்சல் அடிக்கக் கூடாதாம். அப்பாவை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பாக்கலாமாம். எனக்குப் பயமா இருக்கு."

சபையையே சிரிக்கவைக்கிற பூவராகன் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். விறுவிறுவென்று சபைக்குப் போனார்.

"மகாராஜா, செப்பேட்டின்படி இளவரசியை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே?"

ராஜா பதில் சொல்வதற்குள் தளவாய் மழவராயர் எகிறினார். எல்லைப் பக்கம் நிம்மதியாகத் தூங்க வேண்டுமென்று இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவர்தான். "செப்பேடு ஊர் உலகத்துக்கு ஐயா! இது குடும்ப விஷயம். பொடிசுக்கு என்ன தெரியும்?"

"அதானே!" என்றார் ராஜா. "பெண்ணைக் கொடுப்பதென்று முடிவாகிவிட்டது. நிச்சயம் தையிலா, பங்குனியிலா என்பதுதான் பாக்கி. வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்துவிடுவோம்."

நீலமங்கலத்து அரண்மனையில் பூக்கட்டாமல் ஒரு துரும்பும் அசையாது. வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் சிவப்புப் பூவை இன்னொரு இலையிலும் மடித்துப் பிடாரியம்மன் முன்னால் போடுவார்கள். பத்து வயதுக்குள் இருக்கும் அரண்மனைப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். நாலு வருஷமாக அந்த வயதில் அரண்மனையில் இருக்கிற ஒரே பிள்ளை செண்பகவல்லிதான். ஆகக் கூடி, தன்னை எந்த மாதம் அனுப்புவதென்று அவளே எடுத்துக்கொடுக்க வேண்டும். வேடிக்கையைப் பார்த்தீர்களா!

பொட்டலங்கள் தயாராயின. இளவரசி அழுத கண்ணோடு வந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம், மகாராஜா" என்று குறுக்கே வந்தார் பூவராகன். "தளவாய் சொன்னது என் புத்தியில் நன்றாக உறைத்துவிட்டது. பொடிசுக்கு ஒன்றும் தெரியாது. இதைச் சட்டமாகவே எழுதிவிடலாமா?"

ராஜாவுக்கு ஏக சந்தோஷம். "எழுது, எழுது! முத்திரையைக் கொண்டு வாருங்கள்!"

"எழுதிவிடுகிறேன். அப்படியே இதையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் மேலக்கோட்டை மேல் படையெடுக்க வேண்டாமென்று பூ எடுத்தது இந்தப் பொடிசு. அந்த முடிவு செல்லாது. நாளைக்கே படை கிளம்பட்டும்."

"ஐயையோ!" என்றார் ராஜா.

"பெரிய குளத்தைத் தெற்கே வெட்டச் சொன்னதும் இதே பொடிசு. அதைத் தூர்த்துவிடலாம். அப்புறம், தளவாய்ப் பதவி மழவராயருக்கா அவர் பங்காளிக்கா என்று பூ எடுத்தது யார்?"

மழவராயர் முகம் வெளுத்துப்போயிற்று. "அதெப்படி ஐயா செல்லாமல் போகும்? அந்தக் கை எடுத்தது தப்பாகுமா? எங்கள் குலமே அந்தக் கையை நம்பி நிற்கிறது!"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்று பூவராகன் சபையைப் பார்த்துத் திரும்பினார். "போர், குளம், பதவி எல்லாவற்றுக்கும் இந்தக் கை வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் அம்மன் வாக்கு. கண்ணைத் திறந்துகொண்டு பேசினால் மட்டும் பொடிசா? அந்தக் கைக்கு இருக்கிற மரியாதையில் பாதியாவது, அதே உடம்பில் இருக்கிற வாய்க்குக் கிடையாதா, மகாராஜா?"

ராஜா மகளைப் பார்த்தார். அவள் கன்னத்தில் கண்ணீர் காய்ந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து அவள் முன்னால் குந்தினார்.

"சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

"நான் போகலைப்பா. உங்ககூடவே இருக்கேன்."

ராஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதை ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

ராஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். "என் மகள் எங்கும் போகவில்லை! ஆனால்... வடகரை ராஜா கோபித்துக்கொண்டால் என்ன செய்வது, பூவராகா?"

"கோபிக்க முடியாதே! அதே செப்பேட்டில் அவர் முத்திரையும்தானே இருக்கிறது? தூதுவரே, உங்கள் இளவரசரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?"

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த தூதுவர் தொண்டையைச் செருமினார். "கேட்கவில்லை. ஆனால் கல்யாணம் என்று காதில் விழுந்த நாள் முதலாக அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறார். சாப்பாடும் அங்கேதான் போகிறது."

சபை கொல்லென்று சிரித்தது. தளவாய்கூட மீசைக்குள் சிரித்தார். ராஜா ஓலைக்காரனைக் கூப்பிட்டார். "பதில் ஓலை போக வேண்டும். என்ன எழுதலாம்?" என்று கேட்டார். இம்முறை தளவாயைப் பார்த்து அல்ல, மகளைப் பார்த்து.

செண்பகவல்லி கொஞ்சம் யோசித்தாள்.

"'நான் வரலை. நீ வெளியே வா'ன்னு எழுதுங்கப்பா."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகத் தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிப் பூவராகன் கழுத்தில் போட்டார்.