குளிர்ச்சியைத் திருடினவ

ஒரு ஊர்ல, மழை எப்பவாவது எட்டிப் பாத்துட்டுப் போயிடுற ஒரு கரிசக்காட்டு ஊர்ல, வெயிலுகந்தாள்னு ஒருத்தி இருந்தா. பேருதான் வெயிலுகந்தா, வெயில் அவளுக்கு ஆகவே ஆகாது. சாமி பேரு, என்ன பண்றது, அப்பன் வச்சுட்டான். அவ புருசன் பேரு உச்சிமாளி. கைப்புள்ள ஒண்ணு. ஒத்த அறை வீடு, மேல ஓடு, கீழ மண்தரை.

அந்த ஊரு ராசா புதுசா ஒரு அரமனை கட்டியிருந்தாரு. சுத்திச் சுத்திக் கண்ணாடி சன்னல். கட்டச் சொன்னது மந்திரி. "கண்ணாடி வச்சா ஒக்காந்த எடத்துல ஊரே தெரியும் ராசா"ன்னான். ஊரும் தெரிஞ்சுச்சு, கூடவே வெயிலும் உள்ள வந்து சம்மணம் போட்டு ஒக்காந்துக்கிச்சு. சித்திரை பொறந்ததும் அரமனை அடுப்பாப் போச்சு. ராசா வேர்த்து ஒழுகி, "என்னய்யா இது"ன்னு கேட்டாரு. மந்திரி என்ன பண்ணான், உத்தரத்துல பெரிய பெரிய விசிறியாத் தொங்கவிட்டு, அதைக் கயித்தால இழுக்க ஊர்ல இருக்குற ஆம்பளைங்களையெல்லாம் புடிச்சுக்கிட்டுப் போயிட்டான். உச்சிமாளியும் போயிட்டான். பகல்லயும் இழுக்கணும், ராத்திரியும் இழுக்கணும், ஆடிக்காத்து அடிக்குற வரைக்கும் வீட்டுப்பக்கம் தலை காட்டக்கூடாது.

இங்க வீட்ல புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு. வெயிலுகந்தா வாசக் கதவைத் தொறந்தா, சன்னலைத் தொறந்தா, புழக்கடைக் கதவையும் தொறந்தா. தொறக்கத் தொறக்க அனல்காத்துதான் உள்ள வருது. புள்ளையை மடியில போட்டு முந்தானையால வீசிக்கிட்டு, இந்தக் கோடையை இது தாங்குமான்னு நெனச்சா.

அப்ப தெரு நாய் ஒண்ணு உள்ள வந்து, இருட்டு மூலையில, தண்ணிப்பானை கசிஞ்ச ஈரமண்ணுல வயித்தை வச்சுப் படுத்துச்சு. "நாயே நாயே, காத்து வெளியில அடிக்குது, நீ ஏன் மூலையில வந்து படுக்குற?"ன்னு கேட்டா. "அது காத்தா? அடுப்புலருந்து வர்ற அனலில்ல. பகல்ல அதுக்குக் கதவைத் தொறந்து வச்சவ நீதானே"ன்னுச்சு நாயி. அவ தெருவுக்கு வந்தா, எருமை ஒண்ணு உடம்பெல்லாம் சேத்தைப் பூசிக்கிட்டு நின்னுச்சு. "எருமையே எருமையே, இது என்ன கோலம்?"னு கேட்டா. "ஈரம் காயுற வரைக்கும் வெயில் சேத்தோட மல்லுக்கட்டும், என்கிட்ட வராது"ன்னுச்சு எருமை. புழக்கடைக்குப் போனா, கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுப் பூசணிக்கொடிக்கு அடியில பதுங்கியிருக்கு. "கோழியே கோழியே, வீட்டு நெழல் இருக்க, கொடி நெழல் எதுக்கு?"ன்னு கேட்டா. "உன் வீட்டு ஓடு வெயிலை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் திருப்பிக் குடுக்குது. இலை அப்படியில்ல, வாங்குனதை அதுவே தின்னுபுடும்"னுச்சு கோழி.

ம், கேட்டுக்கிட்டு இருக்கீங்களா? தூங்கிட்டா கதை என்கிட்டயே நின்னுபோகும்.

அவ அன்னைக்கே எந்திரிச்சா. தரையில கெடந்த பூசணிக்கொடியை நோகாமத் தூக்கி ஓட்டு மேல படரவிட்டா. சாக்கை நனைச்சு சன்னலுக்கு வெளியில தொங்கவிட்டா. பொழுது சாஞ்சு வெளிய வெக்கை அடங்கினதும் எல்லாக் கதவையும் விரியத் தொறந்தா. கெழக்கு வெளுக்குறதுக்குள்ள எல்லாத்தையும் இறுக்கச் சாத்தினா. ஊரு சிரிச்சுச்சு. "புருசனைக் கொண்டுபோனதுல இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு, இந்த வெக்கையில கதவைச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருக்காளே"ன்னாங்க. உள்ள புள்ள தூங்கிச்சு. பல நாளைக்கப்பறம் வாயைத் தொறந்துக்கிட்டு, கையை விரிச்சுப் போட்டுக்கிட்டுத் தூங்கிச்சு. அதைப் பாத்துட்டுப் பக்கத்து வீட்டுக்காரி தன் புள்ளையைக் கொண்டாந்து போட்டா, எதுத்த வீட்டுக்காரி கொண்டாந்து போட்டா, அப்பறம் அந்த அறையில கால் வைக்க எடமில்ல, அம்புட்டும் புள்ளைங்க.

சேதி மந்திரி காதுக்குப் போச்சு. அவனுக்குத் திக்குனுச்சு. ஓட்டு வீடு குளுகுளுன்னு இருக்கு, நாம கட்டச் சொன்ன அரமனை கொதிக்குதுன்னு ராசாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுறது? நேரா ராசாகிட்ட ஓடினான். "ராசா, அரமனைக் குளிர்ச்சியைத் திருடிட்டா ஒருத்தி. அதைத்தான் கதவைச் சாத்தி உள்ள பூட்டி வச்சிருக்கா"ன்னான்.

ராசா அவளைக் கூப்பிட்டனுப்பினாரு. புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு வந்து நின்னா.

"ஏம்மா, குளிர்ச்சியைத் திருடினியா?"

"இல்லீங்க ராசா. ராத்திரி அது ஊருக்கெல்லாம் சும்மாதான் வருது. நான் கதவைத் தொறந்து வாங்கிக்கிடுறேன், விடியறதுக்குள்ள சாத்திக்கிடுறேன்."

"பொய்யி. இவளை நாட்டை விட்டுத் தொரத்தணும்"னான் மந்திரி.

அவ புள்ளையை இடுப்புல ஏத்தி வச்சுக்கிட்டுச் சொன்னா. "அரமனையில எனக்கு ஒரு சின்ன அறை குடுங்க. நாளைக்கு உச்சிப்பொழுதுல நீங்களே வந்து பாருங்க. குளிர்ச்சி இல்லேன்னா நானும் எம்புள்ளையும் ஊரை விட்டுப் போயிடுறோம். இருந்துச்சுன்னா, கயிறு இழுக்குறவங்களை வீட்டுக்கு அனுப்பிடுங்க."

ராசா சரின்னுட்டாரு.

அவ அறைக்குள்ள போனதும் எரிஞ்ச சரவிளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னா. விசிறி இழுத்தவங்களையும் வெளிய போகச் சொன்னா. "ஏன்?"னு காவக்காரன் கேட்டான். "விளக்கும் சூடு, இத்தனை பேரு மூச்சும் சூடுதானே"ன்னா. வெளிய போனவங்கள்ல உச்சிமாளியும் ஒருத்தன். கை ரெண்டும் கொப்புளிச்சுப் போயிருந்துச்சு. புள்ளையைத் தொட்டுட்டுப் போயிட்டான். கண்ணாடிக்கு வெளியில தென்னங்கீத்தை வரிசையாக் கட்டினா, அதுல தண்ணியைத் தெளிச்சா. ராத்திரி முழுக்க சன்னலெல்லாம் தொறந்து கெடந்துச்சு. விடியறதுக்குள்ள ஒண்ணு விடாமச் சாத்திட்டு, வாசல்ல வந்து ஒக்காந்துக்கிட்டா.

உச்சிப்பொழுது வந்துச்சு. ராசா வர்றதுக்கு முன்னாடி மந்திரி பின்வாசல் வழியா நைசா உள்ள போனான். எதுக்கு? சன்னலையெல்லாம் தொறந்து வெக்கையை உள்ள விடத்தான். மொத சன்னல் தாப்பாள்ல கையை வச்சான். அறை இருட்டா, சில்லுன்னு, தென்னங்கீத்து ஈர வாசனையோட இருந்துச்சு. அவனும் சித்திரையிலருந்து கண்ணு மூடாதவன்தானே. ஒரு நிமிசம் ஒக்காந்துட்டுத் தொறப்போம்னு, வச்ச கையை எடுக்காமலே ஒக்காந்தான், சாஞ்சான், அப்படியே கொறட்டை விட்டான்.

ராசா வந்தாரு. கதவைத் தொறந்தாரு. பாத்தா, தாப்பாள்ல ஒரு கை, தரையில ஒரு கை, மந்திரி தூங்குறான். ராசா அவன் தோளைத் தட்டி, "மந்திரி, அறை எப்படி இருக்கு?"ன்னு கேட்டாரு.

அவன் கண்ணைத் தொறக்காமலே, "எவன்டா அது, கதவைச் சாத்து, வெக்கை உள்ள வருது"ன்னான்.

கூட வந்தவங்க வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. மந்திரிக்கு முழிப்புத் தட்டுச்சு. "தாப்பாள்ல கை எதுக்கு?"ன்னு ராசா கேட்டாரு. மந்திரி வெடுக்குனு கையை எடுத்துக்கிட்டான். "பின்வாசல்ல வந்தது எதுக்கு?" அவன் பின்வாசலைத் திரும்பிப் பாத்தான். "நீ கட்டச் சொன்ன கண்ணாடிக் கூடத்துல ஒக்காந்து, ஆடிக்காத்து வர்ற வரைக்கும் நீயே விசிறி இழு"ன்னாரு ராசா. "யாருக்கு ராசா வீசணும்?"னான் மந்திரி. "யாருக்கும் இல்ல, அங்க எவன் ஒக்காருவான்"னாரு. அன்னையிலருந்து அந்தக் காலிக் கூடத்துல அவன் தனியா இழுத்துக்கிட்டுக் கெடந்தான். ராசா அந்தச் சின்ன அறையிலயே கட்டிலைப் போட்டுக்கிட்டாரு.

ஆம்பளைங்கள்லாம் வீடு வந்து சேந்தாங்க. உச்சிமாளி ரசஞ்சோறு தின்னுட்டு, புள்ளை பக்கத்துல ஈரத்தரையில படுத்தான், படுத்ததும் தூங்கிட்டான். தூக்கத்துலயும் அவன் கை மட்டும் இல்லாத கயித்தை இழுத்துக்கிட்டே இருந்துச்சு. வெயிலுகந்தா பக்கத்துல ஒக்காந்து அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள்ள வச்சுக்கிட்டா. இழுத்துச்சு, இழுத்துச்சு, மெல்ல நின்னுபோச்சு.

அடுத்தவன் நல்லாத் தூங்குறதைப் பாத்து வயிறு எரிஞ்சவனுக்கு அந்த வெக்கைதான் மிச்சம். அந்த வீட்ல எல்லாரும் தூங்கியாச்சு, நீங்களும் தூங்குங்க, கதையும் படுத்துக்கட்டும்.